பழைய ஆட்கள்

2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. திருவள்ளூர்த் தேரடியில் ஒரு காப்பிக் கடை வாசலில் நின்றுகொண்டு, என் வாழ்நாளில் நான் செய்த தப்பு மதிப்பீடுகளுக்குள் மிகப் பெரிய ஒன்றைச் செய்தேன். கேட்டவர் ஒரே ஒரு மனிதர்தான். ஆனால் அந்த ஒருவர் எதையும் மறக்கிற சுபாவம் உள்ளவர் அல்லர்.

அவர் எங்கள் தெருக்காரர். கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஃபிட்டர். திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம்தான் என்றாலும் ஒரே பாதையில் இல்லை. சென்னையிலிருந்து கிளம்பும் இரண்டு இரயில் பாதைகளும் கவண் கவட்டையைப் போலப் பிரிகின்றன; ஒரு நுனியில் எங்கள் ஊர், மற்றொரு நுனியில் அவருடைய ஆலை. ஆகவே தினந்தோறும் பேசின் பிரிட்ஜ் வரை போய், இறங்கி, வண்டி மாறி, மறுபடியும் வடக்கே போவார். இந்தப் பிரயாணத்தில் அவருக்குக் கிடைத்த ஓய்வு நேரம் முழுவதையும் கிரிக்கெட் ஆராய்ச்சிக்கு அர்ப்பணம் செய்திருந்தார்.

அன்றைக்குப் பெங்களூரில் இரண்டு நாளாக நடந்த ஐ.பி.எல். ஏலம் முடிந்திருந்தது. சூதாட்ட விவகாரத்தின் மேல் நீதிபதி லோதா குழுவின் உத்தரவால் 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் வெளியே இருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வருகிறது. புதிதாகக் குடித்தனம் வைக்கிற மாதிரி ஆட்களைச் சேர்க்க வேண்டும். ஃபிட்டர் ஒரு காகிதத்தில் எல்லாப் பெயர்களையும், எதிரே தொகையையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

நான் வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தொகைகள் தெரியவில்லை. வயதுகள்தான் கண்ணில் பட்டன. ஷேன் வாட்சன், 36. டுவைன் பிராவோ, 34. ஹர்பஜன் சிங், 37. இம்ரான் தாஹிர், 38. முரளி விஜய், டு பிளெசி இருவரும் 33. அம்பாட்டி ராயுடு, கேதார் ஜாதவ் இருவரும் 32. ஏற்கெனவே தக்கவைத்திருந்த தோனிக்கும் 36.

"இது கிரிக்கெட் கோஷ்டி இல்லை ஐயா, பென்ஷன் வாங்குவோர் சங்கம்!" என்றேன்.

என் ஹாஸ்யத்தை நானே ரசித்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வேலை தெரிஞ்ச ஆளுங்க சார்" என்று மட்டும் சொன்னார். பந்தயம் மசால் தோசை என்று முடிவாயிற்று.

பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அதே மாதத்தில் அவருடைய ஆலையில் ஐம்பது வயது கடந்தவர்களைக் கூப்பிட்டு, விருப்ப ஓய்வு என்ற கடிதத்தை ஆளுக்கொன்று கையில் கொடுத்திருந்தார்கள். விருப்பம் யாருடையது என்பது அந்தக் கடிதத்தில் தெளிவாக இல்லை. நம் ஃபிட்டருக்கு அப்போது 52.

நான் கதை எழுதுகிறவன். ஆட்டக் கணக்கு எழுதுகிறவன் அல்லன். ஆனாலும் பந்தயம் கட்டிவிட்ட பிறகு, எதன்மேல் கட்டினோம் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. இந்த ஆள் சேர்க்கும் கலையின் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

'ஏலம்' என்ற சொல்லே போர்ச்சுகீசியரோடு நம் கரைக்கு வந்து இறங்கியது என்கிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டில் முதலில் அவர்களும், 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் வியாபாரம் செய்தார்கள். துணி மட்டுமா? அந்த நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம், வயிற்றுக்கில்லாத ஜனங்களை விலைக்கு வாங்கிப் படேவியாவுக்குக் கப்பலேற்றியதும் அதே துறையிலிருந்துதான். மனிதர்களை ஏலம் போடுகிறார்கள் என்றதும் சிலர் முகம் சுளிப்பதற்கு இப்படி ஒரு பழைய காரணம் உண்டு. கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறவனை அந்த ஏழைகளோடு ஒப்பிடுவது நியாயமாகாது. இருந்தாலும், சுத்தியலைத் தட்டி ஒரு மனிதனின் பெயருக்கு எதிரே தொகை எழுதுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, எனக்கு ஒரு கணம் கடற்காற்று அடித்துவிட்டுப் போகிறது.

நிற்க. கிரிக்கெட்டில் முதல் பெரிய ஏலம் 2008 பிப்ரவரி 20 அன்று பம்பாயில் நடந்தது. ஒவ்வொரு அணிக்கும் கையில் 50 லட்சம் டாலர். அதற்கு மேல் ஒரு காசு கூடாது. அதற்குள் ஒரு சிக்கல் வைத்திருந்தார்கள். சில ஊர்களுக்கு அந்தந்த ஊரின் செல்லப் பிள்ளையை ஏலமில்லாமலே கொடுத்துவிட்டார்கள். பம்பாய்க்குச் சச்சின், கல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்குத் திராவிட், டில்லிக்குச் சேவாக், பஞ்சாபுக்கு யுவராஜ். இந்தச் செல்லப் பிள்ளைக்கு, அந்த அணியில் அதிக விலைக்குப் போகும் ஆளைக் காட்டிலும் நூற்றுக்குப் பதினைந்து கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஹைதராபாத்தின் லட்சுமண், தம்முடைய அணிக்குப் பணம் மிஞ்சட்டும் என்று அந்தக் கௌரவத்தையே வேண்டாமென்று விட்டுக்கொடுத்தார். சென்னைக்கோ செல்லப் பிள்ளையே இல்லை.

இல்லாததுதான் சென்னையின் பாக்கியம் என்பதைப் புரிந்துகொண்டவர் வி. பி. சந்திரசேகர். கிரிக்கெட் ரஸிகர்கள் வி. பி. என்றே சொல்வார்கள். 1988-இல் இரானி கோப்பை ஆட்டத்தில் 56 பந்துகளில் நூறு ஓட்டம் எடுத்து, முதல்தர ஆட்டத்தில் இந்தியர் எடுத்த மிக வேகமான சதம் என்ற பெயரை வாங்கியவர்; 2016-இல் ரிஷப் பந்த் 48 பந்தில் எடுக்கும்வரை அது நிலைத்து நின்றது. அதற்கு முந்திய பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியிலும் இருந்தார். பிறகு தேசியத் தேர்வுக்குழுவில் அமர்ந்தார். ஆட்களை எடை போடுவது அவருக்குத் தொழிலாகவே ஆகிவிட்டிருந்தது.

சென்னை அணிக்கு ஆள் பொறுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பின்னாளில் கிரிக்கெட் வட்டாரத்தில் சொல்லப்பட்ட கதை இது: முதலாளி ஸ்ரீனிவாசன், சேவாக்கை எடுத்தால் என்ன என்று கேட்டாராம். வி. பி. தோனிதான் வேண்டும் என்று நின்றாராம். விக்கெட்டுக்குப் பின்னாலும் நிற்பான், மட்டையும் பிடிப்பான், தலைமையும் தாங்குவான் என்பது அவருடைய வாதம். ஒரே சம்பளத்தில் மூன்று வேலை! குடும்பம் நடத்தத் தெரிந்த எந்தத் தமிழனும் இந்த வாதத்துக்குத் தலையாட்டுவான். கடைசியில் முதலாளியும் தலையாட்டினார்.

ஏலத்தில் தோனியின் பெயர் வந்ததும் விலை ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் சென்னையும் பம்பாயும் எதிரெதிரே நின்றன. 15 லட்சம் டாலரில் பம்பாய் நின்றுவிட்டது. ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். தோனிக்கு 15 லட்சம் என்றால், சச்சினுக்கு 17 லட்சத்து 25 ஆயிரம். இரண்டு பேருக்கே 32 லட்சத்து 25 ஆயிரம். மீதி 17 லட்சத்து 75 ஆயிரத்தில் ஒரு முழு அணியைக் கட்ட வேண்டும். சென்னைக்கு அந்தப் பாரம் இல்லை. அன்றைய விலைவாசியில் ஏறத்தாழ 6 கோடி ரூபாய்க்கு, கையிருப்பில் நூற்றுக்கு முப்பது பங்கைக் கொடுத்து, ராஞ்சிக்காரரைக் கொண்டுவந்து சேப்பாக்கத்தில் நிறுத்தினார் வி. பி. அன்று அந்த ஏலத்தில் மிக அதிக விலைக்குப் போனவர் தோனிதான். பைத்தியக்காரத்தனம் என்று சொன்னவர்கள் அன்று நிறையப் பேர். என்னைப் போன்றவர்கள்.

முரளிதரனை 6 லட்சம் டாலருக்கும், ரெய்னாவை ஆறரை லட்சத்துக்கும் எடுத்தார்கள். ஆனால் அந்த ஆண்டு கோப்பை யாருக்குப் போயிற்று? அணிகளிலேயே குறைந்த விலைக்கு விற்கப்பட்ட ராஜஸ்தானுக்கு! ஜூன் 1-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தில், சென்னையைத் தோற்கடித்தது. விலைச்சீட்டைப் பார்த்து ஆட்டத்தின் முடிவைச் சொல்கிறவர்களுக்கு முதல் ஆண்டே பாடம் கிடைத்துவிட்டது. அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு.

அமெரிக்காவில் கூடைப்பந்துக்காரர்கள் இந்த ஏல வம்பே வைத்துக்கொள்ளவில்லை. அங்கே புதிய ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பொறுக்குகிறார்கள். போன ஆண்டு நன்றாக ஆடாத அணிகளுக்கே இந்த ஆண்டு முன்வரிசை. 1984-இல் போர்ட்லண்டு அணிக்கு இரண்டாவது முறை. நல்ல பக்க ஆட்டக்காரன் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறான், உயரமான நடு ஆட்டக்காரன்தான் தேவை என்று நியாயமாகவே யோசித்து, சாம் பௌவி என்ற வாலிபனை எடுத்தார்கள். மூன்றாவது முறையில் இருந்த சிகாகோ, மிச்சமிருந்த மைக்கேல் ஜோர்டனைக் கூட்டிக்கொண்டு போயிற்று. பௌவிக்குக் காலில் அடிமேல் அடி. ஜோர்டனின் கதை உலகத்துக்கே தெரியும். போர்ட்லண்டுக்காரர்கள் இன்றும் அந்த நாளை நினைத்தால் சாப்பிடமாட்டார்களாம். என் அபிப்பிராயம் என்னவென்றால், அவர்கள் யோசித்தது தப்பில்லை. வீட்டில் இல்லாத பாத்திரத்தை வாங்கினார்கள். பாத்திரம் ஓட்டையாகப் போயிற்று.

இந்த முறைவைப்பு நம் ஊருக்கும் வந்தது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, எட்டு அணிகளும் ஏலமில்லாமல், முறை வைத்துத்தான் ஆட்களைப் பிரித்துக்கொண்டன. அந்த எட்டில் ஒன்றின் பெயரைப் பத்திரிகையில் படித்ததும் எங்கள் தெருவே எழுந்து உட்கார்ந்தது. 'வி. பி. திருவள்ளூர் வீரன்ஸ்'!

ஆம், அதே வி. பி. தான். பிறருக்கு ஆள் பொறுக்கிக் கொடுத்தவர் இப்போது சொந்தமாக ஓர் அணி வைத்தார். அதற்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்தார். எங்கள் ஊருக்கு வீரராகவப் பெருமாளால் பெயர் உண்டு. அமாவாசைக்கு ஹிருத்தாபநாசினிக் குளத்தில் முழுகிவிட்டுப் போக வரும் கூட்டத்தால் பெயர் உண்டு. சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் பூண்டி ஏரியால் பெயர் உண்டு. கிரிக்கெட்டால் பெயர் வந்தது அதுவே முதல் தடவை. ஃபிட்டர் தம் பேரனுக்கு ஊர்ப் பெயர் எழுதிய பனியன் ஒன்று எங்கிருந்தோ வாங்கி வந்து போட்டுவிட்டார்.

ஒரே ஒரு குறை. திருவள்ளூர் அணி திருவள்ளூரில் ஆடவில்லை. ஆட்டங்கள் சேப்பாக்கத்திலும், திண்டுக்கல் பக்கம் நத்தத்திலும், திருநெல்வேலியிலும் நடந்தன. கல்யாணப் பெண் ஊருக்கே வராமல் பத்திரிகையில் மட்டும் ஊர்ப் பெயர் போட்ட மாதிரி! ஆனாலும், இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சியில் 'திருவள்ளூர்' என்று ஒருவர் உரக்கச் சொல்வதைக் கேட்டால் மனசுக்குள் என்னவோ செய்யத்தான் செய்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

மறுபடி 2018-க்கு வருகிறேன்.

சென்னையிடம் இருந்தது 80 கோடி. தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் 15, 11, 7 என்று 33 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டார்கள். மீதி 47 கோடி. இந்தியாவுக்காக ஆடிய மூவரைத் தக்கவைத்துவிட்டால், பழைய ஆளை ஏல விலைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளும் சலுகைச் சீட்டை இந்தியாவுக்காக ஆடிய இன்னொருவருக்குப் பயன்படுத்த முடியாது. இதில் அகப்பட்டுக்கொண்டவர் அஸ்வின். மேற்கு மாம்பலத்துப் பிள்ளை 7 கோடியே 60 லட்சத்துக்குப் பஞ்சாபுக்குப் போய்விட்டார். ஊரே அங்கலாய்த்தது. நானும் அங்கலாய்த்தேன். சலுகைச் சீட்டு இரண்டும் வெளிநாட்டுக்காரர்களான பிராவோவுக்கும் டு பிளெசிக்கும் செலவாயின.

வாங்கியவர்களில் பாதிப் பேர் சுழற்பந்துக்காரர்கள் போல் எனக்குத் தோன்றிற்று. ஹர்பஜன், தாஹிர், கரண் சர்மா, சாண்ட்னர், ஏற்கெனவே ஜடேஜா. இதற்கு ஃபிட்டர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. "ஆடப் போறது சேப்பாக்கத்திலே சார். பந்து மெதுவா வர்ற மண்ணு. மெஷினுக்குத் தக்கபடிதானே உருளை மாத்துவோம்?"

விதி வேறு மாதிரி உருளையை மாட்டிற்று. பிப்ரவரி 16-இல் காவிரி வழக்கில் தீர்ப்பு வந்தது. மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லித் தமிழ்நாடு கொதித்தது. ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையின் முதல் ஆட்டம். தண்ணீருக்கு வழியில்லாதபோது பந்தாட்டம் ஒரு கேடா என்று வெளியே போராட்டம். உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. அந்த ஆட்டத்தில் 203 ஓட்டம் என்ற இலக்கை எட்டிச் சென்னை வென்றது. மறுநாளே மற்ற ஆட்டங்களெல்லாம் புனாவுக்குப் போய்விட்டன. சேப்பாக்கத்து மண்ணுக்காகச் சேர்த்த அணி, சேப்பாக்கத்தில் ஆடியது ஒரே ஓர் ஆட்டம்! வீட்டுக்கு அளவெடுத்துக் கட்டில் செய்து வந்த அன்றைக்கே வீடு மாற்றின கதை.

போராடியவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஏரி வறண்டு வெடித்துக் கிடப்பதைப் பூண்டியில் கண்ணால் பார்த்தவன் நான். ஃபிட்டரும் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல் 19-இல் ரஸிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னை சென்ட்ரலிலிருந்து புனாவுக்கு ஒரு தனி இரயில் போயிற்று. புனா வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். பிளாட்பாரத்தில் நின்று மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்குக் கையாட்டிவிட்டு, அதனால் பேசின் பிரிட்ஜில் வண்டியைத் தவறவிட்டு, ஆலைக்கு நேரம் கழித்துப் போனதாக அவரே ஒத்துக்கொண்டார். மறுநாள் புனாவில் வாட்சன் 106 ஓட்டம் எடுத்தார்.

இனிக் கணக்கு. அதிக விலைக்கு வாங்கியது கேதார் ஜாதவை, 7 கோடியே 80 லட்சம். முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசை பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டு திரும்பி வந்து வெற்றி ஓட்டங்களை அடித்தார். அதோடு அந்த ஆண்டுக்கு அவர் இல்லை. ஒன்றரைக் கோடி மார்க் உட் ஒரே ஆட்டம் ஆடி, விக்கெட் எடுக்காமல் ஊருக்குப் போனார். சாண்ட்னர் காயத்தால் வரவே இல்லை. இவை நஷ்டம். மறு பக்கத்தில் 2 கோடியே 20 லட்சத்துக்கு வந்த ராயுடு 602 ஓட்டம் குவித்தார். 80 லட்சத்துக்கு வந்த தீபக் சாஹர் புதுப் பந்தைக் கையில் வாங்கி 10 விக்கெட் எடுத்தார். 50 லட்சத்து லுங்கி இங்கிடி, நடுவில் தந்தையை இழந்து, ஊருக்குப் போய்க் காரியம் முடித்துத் திரும்பி வந்து, ஏழே ஆட்டத்தில் 11 விக்கெட். கூட்டல் கழித்தல் பார்த்தால், பேரம் பேசி வாங்கிய சில்லறைச் சாமான்கள்தான் குடித்தனத்தைக் காப்பாற்றின. இதைக் கவனித்தவர்கள் குறைவு. எல்லாரும் கிழவர்களைத்தான் பேசினார்கள்.

கிழவர்களும் சும்மா இருக்கவில்லை. மே 27-ஆம் தேதி பம்பாயில் இறுதி ஆட்டம். ஹைதராபாத் 178 எடுத்தது. வாட்சன் இறங்கினார். முதல் பத்துப் பந்தில் ஒரு ஓட்டம்கூட இல்லை. எங்கள் வீட்டில்தான் ஃபிட்டர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மசால் தோசை வாசனையை நினைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "கை படியணும் சார், நேரமாகும்" என்றார். கை படிந்தது. 57 பந்தில் 117, ஆட்டமிழக்காமல். எட்டு விக்கெட் வித்தியாசத்தில் கோப்பை.

தோசை வாங்கிக் கொடுத்தேன். இரண்டு. அன்றைக்குத்தான் அவர் ஆலைக் கடிதத்தைப் பற்றி முதல்தடவையாக என்னிடம் வாய் திறந்தார். கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வாட்சன் ஆடியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு முன்பே மார்ச்சில் கொடுத்துவிட்டார். நான் நாவலில் எழுதியிருந்தால் ஆட்டத்துக்கு மறுநாள் கொடுத்ததாக எழுதியிருப்பேன்.

இதே பழைய ஆள் முறை எப்போதும் பலித்ததா என்றால், இல்லை. 2021-இலும் 2023-இலும் கோப்பை வந்தது. ஆனால் 2024 நவம்பரில் 9 கோடியே 75 லட்சம் கொடுத்து அஸ்வினைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். பத்து ஆண்டுக்கு முன் பிரிந்த பிள்ளை 38 வயதில் வீடு திரும்பினார். ஒன்பது ஆட்டம், ஏழு விக்கெட். 2025-இல் சென்னை முதல்தடவையாகக் கடைசி இடத்தில் நின்றது. அந்த ஆகஸ்டில் அவர் ஐ.பி.எல்.லிலிருந்தே விடைபெற்றார். 2018-இல் அவருக்காக அங்கலாய்த்த நான், 2025-இல் அவருக்குக் கொடுத்த தொகைக்காக அங்கலாய்த்தேன். ரஸிகனுக்கு இரண்டு நாக்கு.

2018 கோடையில் தமிழ்நாடு லீக்கின் பட்டியல் வந்தபோது ஃபிட்டர் அதை மேலும் கீழுமாக இரண்டு தடவை படித்தார். "நம்ம ஊரு எங்கே சார்?" என்றார். காஞ்சி என்ற பெயரில் இருந்த அணி திருச்சிக்குப் போயிருந்தது. காலியான காஞ்சிப் பெயரை எடுத்துக்கொண்டு, எங்கள் அணி 'வி. பி. காஞ்சி வீரன்ஸ்' ஆகியிருந்தது. ஆட்களைத்தான் மாற்றுவார்கள் என்று நினைத்திருந்தோம்; ஊரையும் மாற்றலாம் என்பது அன்றைக்குத் தெரிந்தது. பேரன் மாத்திரம் பனியனைக் கழற்றவில்லை. அது இறுகிப் பிடிக்கும்வரை போட்டுக்கொண்டிருந்தான்.

வி. பி.யின் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஒரு கடிதம்கூட எழுதத் தொடங்கினேன். அது முடியவில்லை. 2019 ஆகஸ்டு 15 அன்று, 58 வயது நிறைய ஆறு நாள் இருக்கும்போது, அவர் காலமானார் என்ற செய்தி வந்தது. சென்னைக்குத் தோனியைக் கொண்டுவந்து கொடுத்தவர் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. திருவள்ளூரின் பெயரை யாரும் எழுதவில்லை. அவருடைய அணியின் இடத்தில் பிறகு நெல்லையின் பெயர் வந்தது. பாதிக் கடிதம் இன்னும் என் மேஜை அறையில் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை.

ஃபிட்டர் 58 வயது வரை வேலை பார்த்துவிட்டு 2024-இல் ஓய்வு பெற்றார். 2025 நவம்பரில் ஒரு நாள் காலையில், பால் வாங்கிக்கொண்டு வருகிற வழியிலேயே எங்கள் வாசலில் நின்றார். முகம் சரியாக இல்லை. ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டார்களாம். கூட சாம் கரனையும். பதிலுக்குச் சஞ்சு சாம்சன்.

"சாம்சன் எப்படி? தேறுவாரா?" என்று கேட்டேன்.

பால் தூக்கைக் கை மாற்றிக்கொண்டு சற்று யோசித்தார்.

"சின்னப் பையன் சார்" என்றார். "இப்பத்தான் முப்பத்தொண்ணு ஆகுது."